மூன்றே முக்காலுக்கு மூடிய கண்கள்

உங்கள் மனைவி அனுப்பிய உறையை இன்று காலை பிரித்தபோது ஆஸ்பத்திரி வாடை மேசையெங்கும் பரவியது. உங்கள் மருத்துவக் கோப்போடு ஓராண்டாகக் கிடந்த என் நீல நோட்டு. "உங்க நோட்டு, உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று ஒரு வரி. கீழே தேதி போட்டு, புதன்கிழமை என்று எழுதியிருக்கிறார். தேதிப்படி அது செவ்வாய். இதையும் கவனிக்கிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் நான் மேற்பார்வை. நீங்கள் செக்கிங் மேசை. தைத்து வந்த துணியில் ஊசித்துளையோ எண்ணெய்க்கறையோ உங்கள் கண்ணுக்குத் தப்பாது. அந்த ஆடியில் உங்கள் இமைகள் பிற்பகல்களில் மூடிக்கிடக்கக் கண்டேன். எழுதினேன். "ஆடி ஏழு, பிற்பகல் 3.45, தூக்கம்." "ஆடி ஒன்பது, 4.10, தூக்கம்."

துளை விழுந்த பனியன்கள் பெட்டியோடு திரும்பி வந்த அன்று, எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பக்கங்களை வாசித்தேன்.

"தூங்கலீங்க மாப்ளே. முழிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். இமைதான் எந்திரிக்க மாட்டீங்குது" என்றீர்கள்.

"அப்படீன்னா கிளிப்பு மாட்டிக்கங்கண்ணா!" என்றார் அயர்ன் மேசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் உங்களைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினேன். அட்டைப்பெட்டியைத் தூக்கக் கைகள் ஒத்துழைக்கவில்லை. அதைப் பிடிவாதம் என்று எழுதினேன். பத்தாம் நாள், ஒரு வார்த்தையும் சொல்லாமல் உங்கள் ஊரான கொமரலிங்கத்துக்குப் போய்விட்டீர்கள்.

தை மாதம் கோவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. உங்களுக்குச் சோறு இறங்கவில்லை, பேச்சு மூக்கால் வருகிறது என்றார்கள். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். "எங்க மாப்ளே நோட்டுல எழுதி வெச்சிருக்காருங்க" என்றீர்களாம். உங்களைக் குற்றம்சாட்டிய நோட்டை நானே சுமந்து வந்தேன்.

மருத்துவர் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் மூன்று மணிக்குப் பிறகு. காலையில் ஒன்றுகூட இல்லை. பிறகு எனக்கு விளக்கினார். ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. முதல் அணு ஒரு வேதிப்பொருளைச் சுரக்க, எதிர்ப்பக்கத்து ஏற்பிகள் அதைப் பற்றிக்கொண்டால்தான் செய்தி போய்ச் சேரும். நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்திலும் இதே ஏற்பாடுதான். உங்கள் உடம்பின் நோயெதிர்ப்பாற்றலே அங்குள்ள ஏற்பிகளைத் தாக்கி அடைத்துவிட்டது. மிஞ்சியவை காலையில் ஈடுகொடுத்தன. உழைக்க உழைக்கச் சுரப்பு குறைந்ததும் அவை போதவில்லை.

"கண்ணைத் தெறன்னு மூளை சொல்லிட்டேதாங்க இருந்திருக்கு. இமைக்குப் போய்ச் சேரல" என்றார்.

அந்த வேதிப்பொருள் உடனே சிதைந்துவிடாமல் தடுக்கும் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் உங்கள் இமைகள் உயர்ந்தன. என்னை நேராகப் பார்த்தீர்கள்.

"எழுதிக்கங்க மாப்ளே. பதினொன்னே கால். முழிச்சிருக்கறான்."

நான் எழுதவில்லை. நோட்டை உங்கள் கோப்பின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பங்குனியில் ஒரு காய்ச்சல். மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்துபோக, ஆம்புலன்ஸ் உடுமலை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. ஆடியிலேயே வந்திருந்தால் என்று மருத்துவரிடம் கேட்டேன். "முன்னமே வந்திருந்தா நல்லதுங்க" என்றார்.

இன்று நோட்டை முதலிலிருந்து படித்தேன். நாள், நேரம், என் தீர்ப்பு எல்லாம் இருக்கின்றன. நீங்கள் பேசிய ஒரு சொல்கூட இல்லை. செக்கிங் மேசை முன்னால் நீங்கள் சொன்னது முதல் தடவையும் அல்ல. அதற்கும் முன்பு ஒரு நாள் டீக்கடையில், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ளே, சாயங்காலமானா எல்லாம் ரண்டு ரண்டாத் தெரியுதுங்க" என்றீர்கள். கண்ணாடியை மாற்றச் சொல்லிவிட்டு, நேரமாகிறது என்று எழுந்தேன்.

அந்த வாக்கியத்தை இன்று நோட்டில் எழுதினேன். அது வைகாசிக் கடைசியா, ஆனியா? என்ன கிழமை? காலையிலிருந்து யோசிக்கிறேன். தேதி எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது.