வடக்குக் கயிறு

அன்புள்ள மகனுக்கு,

உன் அப்பாவின் நினைவாக நம் மாதா கோயிலுக்கு நீ அனுப்பிய நான்கு ஏசிகளும் வந்து சேர்ந்தன. திருப்பி எடுத்துப் போகும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

பழமை கெடாமல் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று வாசலில் அரசாங்கப் பலகை இருக்கிறது. ஏசி மாட்ட நீ ஏற்பாடு செய்த மேஸ்திரி முனிரத்தினம் அந்தப் பலகையிலேயே ஆணி அடித்து ஒயரை மாட்டியிருந்தார். கேட்டால், "சார் போன்ல சொல்லிகினே இருக்காரும்மா. செவுத்துல நாலு ஓட்டை போட்டா இன்னா ஆயிடும்?" என்கிறார். மூன்றடி தடிமனுள்ள சுண்ணாம்புச் சுவர் அது. "முதல்ல உங்க வீட்டுச் சுவத்துல போடுங்க" என்றேன். "எங்க வூட்ல ஏசி இல்லம்மா" என்று சிரிக்கிறார்.

கோயிலுக்குள் உட்கார்ந்தால் வெந்துபோகிறது என்று பங்குத்தந்தையிடம் சொன்னாயாமே. நீ கடைசியாக உள்ளே இருந்தது அப்பாவின் அடக்கப் பூசையன்று, ஒரு மணி நேரம். கட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை. கூரைக்குக் கீழே இருபுறமும் உயரத்தில் ஜன்னல்கள் வைத்து, தரையிலிருந்தே கயிற்றை இழுத்துத் திறக்கும்படி செய்திருக்கிறார்கள். சூடு மேலே ஏறி அவற்றின் வழியாகப் போய்விடும். நாற்பது வருடமாகப் பூசைக்கு அரை மணி முன்பே வந்து அந்தக் கயிறுகளை இழுத்தவர் உன் அப்பா. அன்று இழுக்க ஆள் இல்லை.

இப்போது தெற்குக் கயிற்றை நான் இழுக்கிறேன். வடக்குக் கயிறு கனம். என் தோள் ஒத்துழைப்பதில்லை. அப்பாவின் பெயரில் ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதை இழு. ஏழரை மணிப் பூசை. ஏழு மணிக்கே வந்துவிடு.

உன் அம்மா