தம்பியின் பாம்புக்குட்டிகளும் அந்தியேட்டி மாதமும்

என்ரை ஆசைத் தம்பி குகன்,

உன்ரை முட்டையெல்லாம் பொரிச்சிட்டுது. அதை முதல் சொல்லிப்போட வேணும். இல்லாட்டி நீ மிச்சத்தை வாசிக்கமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். நேற்று உன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது. வந்த சனம் எல்லாம் போட்டுது. நான் இப்ப உன்ரை அறையில, உன்ரை கட்டிலில இருந்துதான் எழுதிறன்.

ஜேர்மனியில இருந்து வந்து லண்டனில எங்கட கிங்ஸ்பரி வீட்டுச் சின்னறையில நீ குடியேறின கொஞ்ச நாளில, ஒரு தலையணை உறையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாய். "அக்கா, இது சோளப்பாம்பு. விசமில்லை, ஒண்டும் செய்யாது" எண்டாய். நான் கத்தின கத்தில பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பொலிசுக்கு அடிக்கப் பாத்தவ. பாம்பைக் கண்டால் நாங்கள் ஒண்டில் கும்பிடுவம், இல்லாட்டி ஓடுவம். நீ என்னெண்டால் அதுக்கு ஹீற்றர் போட்டு, சோடி சேர்த்து, பிள்ளைப்பேறும் பாத்தாய். உனக்கு ஒரு சோடி பாப்பம் எண்டால் மட்டும் "பிறகு பாப்பம் அக்கா".

அந்தப் பிறகு வரேல்லை. பெற்றோல் ஸ்டேசனில ஷிப்ட் முடிச்சு வந்து, சப்பாத்துக் கழட்டக் குனிஞ்ச நீ, நிமிரேல்லை. நெஞ்சு நிண்டு போச்சுதாம். ஒரு நாள் நோகுது எண்டு சொல்லாத நெஞ்சு அப்பிடிச் சும்மா நிக்குமோ? ஆரைப் போய்க் கேக்கிறது?

பெரிய சோடியை நீ முந்தியே ஆருக்கோ குடுத்திட்டாய். அண்டைக்கு உன்ரை அறையில, ஈரப்பாசி போட்ட ஐஸ்கிரீம் டப்பாக்குள்ள அந்த முட்டையள் இருந்தது. துக்கம் விசாரிக்கச் சனம் வந்து போன நாளெல்லாம், தேத்தண்ணி குடுக்கிற இடைவெளியில நான் மேல ஓடி வந்து அதின்ரை சூடு சரியோ எண்டு பாத்தன். ஏன் பாத்தனான் எண்டு எனக்கே தெரியாது. நீ விட்டிட்டுப் போனதுகளில சூடாய் இருந்தது அது மட்டும்தான்.

ஒரு நாள் விடிய வந்து பாக்கிறன், முட்டையில சவர பிளேட்டால இழுத்த மாதிரிக் கீறல். கீறலுக்குள்ளால ஒரு மூக்கு. பிறகு ஒரு தலை. ஐயோ, எல்லாம் இறங்கி ஓடப்போகுது எண்டு கதவுக்குக் கீழ துவாயைச் செருகினன். ஓடுறதோ? அதுகள் தலையை மட்டும் வெளியில வைச்சுக்கொண்டு, உடம்பை முட்டைக்குள்ளயே விட்டிட்டு, பகல் முழுக்க அப்பிடியே கிடந்துதுகள். வருவமோ, உள்ளுக்கையே இருப்பமோ எண்டு யோசிச்சுக்கொண்டு.

உன்ரை சிவப்பு லைட் எரிஞ்சுகொண்டு இருந்தது. வெளியில இருட்டவே மனமில்லாமல் ஒரு கோடைப் பின்னேரம். நான் நிலத்தில இருந்து அந்தச் சின்னத் தலையளைப் பாத்தன், அதுகள் என்னைப் பாத்துதுகள். நேரம் எங்கை போச்சுதெண்டு தெரியேல்லை. இடையில நீ வாசலில நிக்கிறாய் எண்டு நினைச்சு, "சத்தம் போடாதை" எண்டு திரும்பிப் பாக்காமலே சொல்லிப்போட்டன். அந்தக் கொஞ்ச நேரம் நீ செத்தது எனக்கு மறந்து போச்சுது, தம்பி. அப்பிடி ஒரு சுகம் எனக்குப் பிறகு வரேல்லை.

துக்கத்துக்கு வந்த மலர் மச்சாள் வேற, "உன்ரை தம்பிதான் திரும்பி வந்திருக்கிறான்" எண்டு ஒரு கிண்ணம் பாலோட மேல ஏறினா. "அவன் எப்ப மச்சாள் பால் குடிச்சவன்? அவன் பால் விடாத பிளேன்ரீக்காரன்" எண்டு சொல்லிக் கீழ அனுப்பிப்போட்டன்.

குட்டியள் முதல் தோல் கழட்டினாப் பிறகு சாப்பாடு வேணும். அதிலதான் வில்லங்கம் வந்தது. எங்கடது துடக்கு வீடு, சாவுத் தீட்டு. அந்தியேட்டி முடியுமட்டும் மச்சம் மாமிசம் படியேறப்படாது. பிரீசரில கிடந்த மீன், கோழி எல்லாத்தையும் தெரிஞ்ச ஆக்களுக்குக் குடுத்தாச்சு. மிஞ்சினது உன்ரை டப்பா ஒண்டுதான். அதுக்குள்ள ஐஸில விறைச்ச எலிக்குஞ்சுகள், கோதுக் கச்சான் கடலை அளவில.

"எலியும் மச்சம்தானே. உம்மட தம்பியின்ரை ஆத்துமா சாந்தியடைய வேண்டாமோ?" எண்டார் உன்ரை அத்தான்.

"குட்டியள் பட்டினியில செத்தால் அவன்ரை ஆத்துமா என்னெண்டப்பா சாந்தியடையும்?" எண்டு நானும் விடேல்லை.

கடைசியில ஐயருக்கே போன் அடிச்சன். "ஐயா, துடக்கு வீட்டில எலி..." எண்டு தொடங்கினன். "நீங்கள் சாப்பிடுறதில்லைத்தானே, அம்மா?" எண்டு கேட்டார். "சீ, என்ன ஐயா! பாம்புக்கு." "பாம்புக்கு ஏதம்மா துடக்கு? குடுங்கோ" எண்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கதைச்சவர். நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாய்.

சுடுதண்ணியில இளக்கி, இடுக்கியால ஒண்டொண்டாய்க் குடுத்தன். எல்லாம் பிடிச்சுது. கடைக்குட்டி மட்டும் மூஞ்சையைத் திருப்பிப்போட்டுது. நான் விடுவனோ? "சாப்பிடு ராசா, ஒரு வாய்" எண்டு கிட்ட நிண்டு கெஞ்சினன். மூக்கில முட்டினன், அங்கால திருப்பினால் அங்கால கொண்டு போனன். எங்கட வீட்டில ஆராவது பசியில்லை எண்டால் சும்மா விடுற வழக்கம் இருக்கோ? ஒவ்வொரு தரமும் இப்பிடித்தான் போராட்டம். அது நூல் மாதிரி ஆகிப்போச்சுது. சாப்பாடு வாங்கிற கடைக்காரன் "சிலது அப்பிடித்தான், தப்பாது" எண்டான். நான் கடைக்குள்ளயே நிண்டு குழறி அழுதுபோட்டன். உன்னைத்தான் காப்பாத்த ஏலாமல் போச்சுது. இதையும் விட்டிடுறதோ?

நேற்று விடியவும் அதை ஒரு சின்ன டப்பாவில விட்டு, எலிக்குஞ்சையும் போட்டு மூடினன். கிட்ட இருக்கிற யோசினையோடதான். ஆனால் அதுக்கிடையில ஐயர் வந்திட்டார், பிறகு சனம், பிறகு சமையல். குட்டி எனக்கு அடியோட மறந்து போச்சுது. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை எல்லாம் வைச்சு, உன்ரை படத்துக்கு முன்னால இலை போட்டுப் படைச்சம். நீ வந்து சாப்பிடவேணுமெண்டு முன்னறைக் கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியில நிண்டம்.

அப்பதான் பளிச்செண்டு ஞாபகம் வந்தது. சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு மேல ஓடினன். டப்பாவைத் திறந்தன்.

எலிக்குஞ்சைக் காணேல்லை. நூலில போட்ட முடிச்சு மாதிரி அதின்ரை வயித்தில ஒரு சின்ன வீக்கம். அவர் சுருண்டு படுத்திருக்கிறார், பெரிய மனுசர். "அட கள்ளா, ஒருத்தரும் பாக்காட்டித்தான் சாப்பிடுவியோ?" எண்டு கேட்டிட்டு, அப்பிடியே நிலத்தில இருந்து அழுதன். சந்தோசத்திலதான் அழுதன், பிறகு எல்லாத்துக்கும் சேர்த்து அழுதன்.

நீயும் எந்த நாளும் சோத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேல வந்திடுவாயே. பாம்பில உள்ள ஆசையில எண்டுதான் நான் நினைச்சனான். பக்கத்தில நிண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" எண்டு நான் கறி போட்டதாலையோ, தம்பி?

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழ வாறன், உன்ரை அத்தான் முன்னறைக் கதவில கை வைச்சுக்கொண்டு நிக்கிறார். "காணும், திறப்பம். சனம் பசியோட நிக்குது" எண்டார்.

"திறக்காதேங்கோ" எண்டன். "அவன் ஆறுதலாய்ச் சாப்பிடட்டும்."

உன்ரை அத்தான் கதவில இருந்து கையை எடுத்தார். அவ்வளவு சனமும் பசியோட எனக்காக நிண்டுதுகள்.

ஒண்டு சொல்லுறன், கேள். இந்தக் குட்டியளைக் கேட்டு ஆர் வந்தாலும், சம்பந்தம் பேசிற மாதிரி அவையின்ரை வீட்டைப் போய்ப் பாத்துத்தான் குடுப்பன். கடைக்குட்டியை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். இனி அதுக்கும் சாப்பாடு வைப்பன், திவசத்துக்குத் திவசம் உனக்கும் வைப்பன். வைச்சிட்டுக் கதவைச் சாத்திப்போட்டுப் போயிடுவன். சத்தியமாய் எட்டிப் பாக்கமாட்டன்.

உன்ரை கூடப்பிறந்த
சாந்தி அக்கா