எழிலரசியின் வலது கால்

திருப்பாதிரிப்புலியூர்,
ஜூலை 20.

அன்பு மகள் ஜெனிபருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மாதாவின் தயவால் நடமாடிக்கொண்டும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் மூன்று பேர் பெயரையும் சொல்கிறேன். அப்பாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரில் பொடி எழுத்தைக்கூட விடாமல் படித்து எனக்கு வேண்டாத செய்தியெல்லாம் சொல்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போய்விடும். நீயும் ஒரு நர்ஸ், அதனால் உன்னிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நாலு மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன் ஜெனி. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

நம் தெருவின் கடைசி வீட்டுக்குப் போன வருஷம் குடிவந்த எழிலரசியை நீ பார்த்ததில்லை. முப்பத்து நாலு வயது, ஒல்லியான பெண், ஆட்டோ ஓட்டுகிறாள். காலையிலும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவாள், நடுவில் ஸ்டேஷனில் சவாரி. புருஷன் அன்பரசு சென்னையில் கட்டட வேலையில் இருந்தான், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான். அம்மா ராஜாமணிதான் கூட இருக்கிறாள். சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் நாள் முழுக்க வண்டி ஓட்டி எழிலரசிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் மூன்று நாளைக்கு ஊசி எழுதிக் கொடுத்தார். இரண்டு ஊசியைக் கிளினிக்கிலேயே போட்டாள். மூன்றாவது நாள் கிளினிக் பூட்டியிருந்ததால் மருந்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இருபத்தொன்பது வருஷம் கிராம நர்ஸாக இருந்தவள், ரிட்டயர் ஆன பிறகும் தெருவில் யாருக்கு ஊசி என்றாலும் போடுகிறவள் என்று என்னைத் தேடி வருவது உனக்குத் தெரிந்ததுதானே. வீட்டில் ஊசி போடாதே, எங்கள் வார்டில் பிட்டத்தில் போடுவதையே விட்டுவிட்டோம், தொடை எலும்பின் மேல்முனையில் உள்ளங்கையை வைத்து இரண்டு விரலுக்கு நடுவில் பக்கவாட்டில்தான் போடுகிறோம் என்று நீ இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னாய். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து ஊசி போடுகிற கை இது என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்குக் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம், எனக்கு ஐந்தாம் ஸ்தலம் வாசிக்கக் கொடுத்திருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு எழிலரசி வந்தாள். படுக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அடுப்படியில் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். அவள் நைட்டியில் இருந்தாள். இதை நீ கவனமாகக் கேட்க வேண்டும் ஜெனி. அந்தக் காலத்தில் எல்லாரும் சேலை, கொசுவத்தைத் தளர்த்தி மேலிருந்து கொஞ்சம் இறக்குவார்கள், கண்ணில் படுவது எப்போதும் மேல்பக்கச் சதைதான், ஊசி அங்கேதான் போகும். நைட்டியைக் கீழிருந்து தூக்க வேண்டும். அவள் வெட்கப்பட்டுப் பாதிக்கு மேல் தூக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நான் குத்திவிட்டேன். அது எவ்வளவு கீழே, எவ்வளவு உள்பக்கம் என்று கை வைத்து அளக்கவில்லை. ஊசி இறங்கியதும் அவள் "அய்யோ நர்சம்மா, கரண்டு மாதிரி காலு கட்ட வெரல் வரைக்கும் அடிக்குது" என்று அலறினாள். நான் "அசையாத, தோ முடிஞ்சிருச்சி" என்று சொல்லி மிச்ச மருந்தையும் ஏற்றினேன். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

மறுநாள் காலையில் ராஜாமணி வந்து, "பொண்ணுக்கு காலு மரமரன்னு இருக்குதாம், செருப்பு கழண்டு உழுந்தாகூட தெரியலங்கறா" என்றாள். ஊசி எங்கே பட்டிருக்கும் என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஆனாலும் மருந்து கனமானது, இரண்டு நாளில் சரியாகிவிடும், வெந்நீர் ஒத்தடம் கொடு என்று அனுப்பினேன். திங்கட்கிழமை எழிலரசி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்திருக்கிறாள். ரயில்வே கேட் பக்கம் பிரேக் போடக் காலைத் தூக்கினால் பாதம் தூக்கவில்லை, விரல் நுனி பிரேக் கட்டைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. வண்டி நேராகப் போய் மதில் சுவரில் இடித்து நின்றது. அவளுக்கு நெற்றியில் நாலு தையல். கால் மணி நேரம் முன்னால் அதே வண்டியில் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று ராஜாமணி சொன்னபோது நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பதினோரு நாள் அப்படியே ஓட்டினேன். அப்பாதான் கடைசியில், "மேரி, ஒனக்கு இன்னான்னு தெரிஞ்சிருக்குது, மொகத்தப் பாத்தாலே தெரியுது, நீயே கூட்டிக்கினு போ" என்றார்.

சிதம்பரத்துக்குக் காலை ரயிலில் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் திருநாவுக்கரசு என்று ஒரு நரம்பு டாக்டர். சுற்றிலும் ஏழெட்டு மாணவர்கள் நின்றார்கள். எழிலரசியை நடக்கச் சொல்லிப் பார்த்தார், வலது பாதம் தரையில் பட் பட்டென்று அறைந்தது. குப்புறப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டது யார் என்று கேட்டார். எழிலரசி என் பக்கம் திரும்பவே இல்லை. "திட்டக்குடில பெரியம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன் சார், அங்க ஒரு கம்பவுண்டரு போட்டாரு" என்றாள். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை, நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை. கம்பவுண்டர் என்றதும் மாணவர்கள் சிரித்தார்கள். டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் பிட்டத்தையும் தொடையையும் வரைந்து அவர்களுக்கும் எழிலரசிக்கும் சேர்த்தே விளக்கினார். உடம்பிலேயே தடிமனான நரம்பு இது, கிட்டத்தட்ட நம் சுண்டுவிரல் அளவு இருக்கும், இடுப்புக்குள்ளிருந்து வெளியே வந்து பெரிய பிட்டத் தசைக்கு அடியில் இறங்குகிறது, உட்காரும் எலும்புக்கும் தொடை எலும்பின் மேல்குமிழுக்கும் நடுவில் நுழைந்து தொடையின் பின்பக்கமாகப் போய் முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிகிறது, அதில் வெளிப்பக்கத்து இழைதான் பாதத்தை மேலே தூக்குகிறது, ஊசி தப்பாகப் போனால் முதலில் அடி வாங்குவதும் அதுதான் என்றார். அப்புறம் என்னைப் பார்த்து நீங்கள் யார் என்றார். எழிலரசி முந்திக்கொண்டு, "எங்க தெருவு நர்சம்மா சார், கவர்மெண்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவுங்க, தொணைக்கி வந்தாங்க" என்றாள். டாக்டர் முகம் மலர்ந்து, "நல்லதாப் போச்சு. சிஸ்டர், இந்தப் பசங்களுக்கு நீங்களே சொல்லுங்க, எந்த எடத்துல போடணும்னு இதுல காட்டுங்க" என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். எனக்கு எல்லாம் தெரியும் ஜெனி. நாலு பாகமாகப் பிரித்தால் மேலே வெளிப்பக்கத்துக் கால்பங்குதான் என்று பயிற்சிக்கு வந்த எத்தனை பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கவட்டை ஓரத்தில் துடிக்கிற பெரிய ரத்தக்குழாயும் அதன் பக்கத்திலேயே நரம்பும் ஓடுகின்றன, அதனால் குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்கமும் உள்பக்கமும் தொடவே கூடாது, வெளிப்பக்கச் சதையில்தான் போட வேண்டும் என்று விரலால் அளந்து அளந்து தடுப்பூசி போட்டவள் நான். ஒரு குழந்தைக்குக்கூட ஒன்றும் ஆனதில்லை. தாளில் கோடு போடப் போனேன், பாதிக் கோட்டிலேயே நிறுத்திவிட்டேன். மாணவர்களில் ஒரு பெண் பரிதாபமாகப் பார்த்தாள். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "கம்பவுண்டர் யாரும் போடல சார், நான்தான் போட்டேன்" என்றேன். டாக்டர் மாணவர்களை வெளியே அனுப்பினார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நரம்பு அறுந்த மாதிரி தெரியவில்லை, மருந்து பட்டு வெந்திருக்கிறது, பரிசோதனையில் தெரியும், நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாதக் கணக்கில் ஆகும், பாதம் தொங்காமல் இருக்க ஒரு தாங்கி போட வேண்டும், தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சொன்னார். பதினோரு நாள் ஏன் தாமதம் என்று என்னிடம் கேட்டார். ஊசி இறங்கும்போது ஷாக் மாதிரி இருந்ததா என்று எழிலரசியைக் கேட்டார். அவள் இல்லை, ஒன்றும் தெரியவில்லை என்றாள். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னல் ஓரம், நான் எதிரில். கிள்ளை தாண்டியது, பரங்கிப்பேட்டை தாண்டியது. என்னை எவ்வளவு பெரிய மனதோடு காப்பாற்றினாள் என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். புதுச்சத்திரத்தில் வண்டி நின்றபோது என் கண்ணை நேராகப் பார்த்து, "நான் கத்துனப்ப ஏன் நர்சம்மா நிறுத்தல?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, மணி என்ன என்று கேட்பது மாதிரி கேட்டாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. என்னென்னவோ சொல்ல நினைத்தேன். கடைசியில் உண்மைதான் வந்தது. "கோயிலுக்கு நேரமாச்சின்னு" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை, அப்பாவும் வற்புறுத்தவில்லை.

பாதத்துக்குப் பயிற்சி எப்படிக் கொடுப்பது என்று சிதம்பரத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ராஜாமணிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது, அவளால் பிடித்து வளைக்க முடியாது. அதனால் காலையிலும் சாயங்காலமும் நான் போனேன். முதல் மூன்று நாள் எழிலரசி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நாலாம் நாள் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன், நீ கத்தின உடனே ஊசியை உருவியிருக்க வேண்டும், அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஏற்றினேன் என்றேன். "அதான் சொல்லிட்டீங்கள்ல, காலப் புடிங்க" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த தடவை சிதம்பரம் போனபோது அவள் அலறியதை டாக்டரிடம் நானே சொல்லி, சீட்டில் எழுத வைத்தேன். அன்பரசு சென்னை வேலையை விட்டு வந்து ஆட்டோவை ஓட்டுகிறான். என்னை வாசலில் பார்த்தால் வழி விடுவான், பேச மாட்டான். போன வாரம் பக்கத்துத் தெரு சந்திரலேகா ஊசி மருந்தோடு வந்தாள். இனிமேல் போடுவதில்லை என்று சொல்லி, ஏன் என்றும் எழிலரசி பெயரைச் சொல்லியே சொன்னேன். அவள் அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். இப்போது ஊருக்கே தெரியும்.

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பெருவிரல் அரிசி அளவு மேலே எழுந்தது. என் கைதான் அசைந்ததோ என்று கையை எடுத்துவிட்டேன். மறுபடியும் எழுந்தது. எழிலரசி எழுந்து உட்கார்ந்து விரலையே பார்த்தாள், ராஜாமணி அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டு ஓடி வந்தாள், நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது கணுக்காலும் லேசாகத் தூக்குகிறது. தாங்கியோடு தெருமுனை வரை நடக்கிறாள். முழுவதும் வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார்.

ஜெனி, உனக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை, நீ என்னைவிட நன்றாகத் தொழில் கற்றவள். இருந்தாலும் உன் கைக்குக் கீழே ஒருவர் கத்தினால், உனக்கு எத்தனை அவசரம் இருந்தாலும் கையை நிறுத்து. குட்டிக்குத் தலைக்குக் குளிப்பாட்டினால் உடனே துவட்டு, மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். நீ எழிலரசியிடம் பேச ஆசைப்படுவாய் என்று தெரியும், அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். காலைப் பற்றிக் கேள், பயிற்சி சொல்லிக் கொடு. எனக்காகப் பரிந்து மட்டும் பேசிவிடாதே. ஆண்டவர் உங்கள் மூவர் தலையிலும் கை வைத்துக் காப்பாராக.

உன் அம்மா,
ஜோதி மேரி.