பூஜ்யம் வைத்த காரட்

மார்ச் 3, செவ்வாய்
ஆய்வுக்கூடத்தில் இன்று ஒரே சிரிப்பு. காய்கறியில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார், கடைக் காரட்டுக்கு மைனஸ் காட்டியது. "கடைக்காரன் காரீயத்தை உறிஞ்சிட்டு விக்கிறானா மேடம்?" என்றார் பக்கத்து மேசைக்காரர். நானும் சிரித்தேன்.

மார்ச் 4
தூக்கமே இல்லை. பூஜ்யத்துக்கும் கீழே காட்டுகிறது என்றால் பூஜ்யம்தான் தப்பு. அதை வைத்தது நான். எங்கள் தோட்டத்துக் காரட்டை அரைத்து வைத்து, இதுதான் சுத்தம் என்று சென்சாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மருந்து தெளிக்காதது, என் வீட்டுக்காரர் கையால் நட்டது என்று பெருமை வேறு. தன் வீட்டு விளக்கென்று முத்தமிட்டால் சுடாதா?
அந்தக் காரட்டைத்தான் பாப்பாவுக்குத் தினமும் மசித்து ஊட்டுகிறேன்.

மார்ச் 5
காய்ச்சி வடித்த தண்ணீரை வைத்துப் புதிதாகப் பூஜ்யம் வைத்தேன். கடைக் காரட்டில் ஒன்றுமில்லை. எங்கள் காரட்டில் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தேன், இருக்கிறது. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன், பழைய முடிவுகளையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.
வீட்டில் அவர், "நம்ம மண்ணுல எதுவுமே போடலையே" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். போன வருஷம் அதன் பழைய பெயிண்டைச் சுரண்டியது அவர்தான். அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் உண்டு; தூள் விழுந்த இடத்தில்தான் காரட் பாத்தி.

மார்ச் 6
பாப்பாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அழுதாள். அவரும்.

மார்ச் 9
இருக்கு. கொஞ்சம்தான்னு டாக்டர் சொல்றாங்க. காரட்டை நிறுத்திட்டா இறங்கிடுமாம். கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்? அவ இன்னும் பேசக்கூட ஆரம்பிக்கலையே — ஊட்டினது யாரு, நான்தானே. வாயைத் திறக்க மாட்டேன்னு அடம்பிடிச்சப்போகூட விளையாட்டு காட்டி ஊட்டினேனே.

மார்ச் 15
அவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பாத்தி மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளுகிறார். தப்பெல்லாம் தன்னுடையது என்று நினைக்கிறார். "பெருமையடிச்சது ரெண்டு பேரும்தான்" என்று சொல்லிவிட்டு மூட்டை வாயைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 10
மறுபடியும் ரத்தப் பரிசோதனை. "நல்லா இறங்கிடுச்சு மேடம்" என்று அங்கிருந்த பெண் தாளை நீட்டினாள். அவர் பாப்பாவைத் தூக்கி முத்தமிட்டார். தாளை வாங்க எனக்குக் கை நீளவில்லை.
"உங்க மெஷினுக்குப் பூஜ்யம் எதை வச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.
அவள் என்னை உட்காரச் சொல்லி, பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் தாளை வாங்கினேன்.