ஆவுளியா போன ஓட்டை

இன்று வெள்ளிக்கிழமை. நம் மகன் அருள் லாஞ்சிலிருந்து இறங்கிய கையோடு பஹ்ரைன் ஈசா டவுனுக்கு வந்து, மகள் வீட்டுக் கூடத்தில் ஈர வலையைப் போட்டான். வீடு முழுக்கக் கடல்புல் வாசம். "டைல்ஸ் எல்லாம் உப்பாப் போச்சு" என்று மகள் கத்தினாள். நான் வலையை மடியில் இழுத்துப் பார்த்தேன். ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. இழுபட்டு அறுந்தது இல்லை, கத்தி போட்டது. நூல் முனைகள் நேராக நின்றன. தடவியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு இப்படி ஒரு ஓட்டையை நான் பார்த்ததில்லை.

முதன்முதலில் நான் பஹ்ரைனுக்கு விசிட்டில் வந்தபோது இதே மாதிரி ஒரு வலையை நீங்கள் என் முன்னால் போட்டீர்கள். வலையில் ஆவுளியா மாட்டியிருக்கிறது, நீங்கள் வலையை வெட்டி விட்டிருக்கிறீர்கள். கடல் பசு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள், நம் ராமநாதபுரம் கரையில் அது ஆவுளியாதான். மீன் மாதிரி தண்ணீருக்குள்ளேயே கிடக்க அதனால் ஆகாது. மேலே வந்து மூச்சு வாங்கியே தீர வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் முங்கியே செத்துவிடும். அதற்காக நீங்கள் வெட்டினீர்கள், வலைக்காக கஃபீல், அதான் விசா கொடுத்த படகு முதலாளி, உங்களை ஏசு ஏசென்று ஏசினார்.

"வெட்டுறது என் பாடு, தைக்கிறது உன் பாடு" என்றீர்கள்.

"விசிட்டுல வந்தவளுக்கு வேலையா?"

"பின்ன, ஹோட்டலுக்கா வந்திருக்க?"

நான் தைத்த வலையை கஃபீல் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எது வெட்டிய இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் என்னைப் படகில் கூட்டிப்போக உங்களுக்கு அனுமதி தந்தார். பனிக்காலம், கடல் கண்ணாடியாகக் கிடந்தது. ஆவுளியா மேயும் கடல்புல் திட்டு வருவதற்கு முன்பே இன்ஜினை அணைத்துவிட்டீர்கள். புஸ், புஸ் என்று மூச்சுச் சத்தம். ஒரு மந்தையே மேய்ந்துகொண்டிருந்தது. தாய் பக்கத்தில் குட்டி ஒட்டிக்கொண்டு வந்தது.

"மூக்கை மட்டும் எண்ணு புள்ள. முதுகையும் சேத்து எண்ணினா ஒண்ணையே ரெண்டாக்கிருவ."

எண்ணினேன். குழம்பினேன். திரும்ப எண்ணினேன்.

"அஞ்சாப்பு வரைக்கும் என்னத்த படிச்ச?" என்று சிரித்தீர்கள்.

"எங்க வாத்தியார் சொன்ன கணக்கெல்லாம் நின்ன இடத்துல நின்னுச்சு. இது முங்கி முங்கியில்ல வருது!"

உலகத்தில் ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடி ஆவுளியா அதிகம் இருப்பது இந்த வளைகுடாவில்தான் என்று நம் பேத்தி போனில் படித்துக் காட்டினாள். அதிகம் என்றால் எத்தனை என்று கேட்டேன். சரியாக யாருக்கும் தெரியாதாம். விமானத்தில் பறந்து எண்ணுகிறார்களாம். மேலே வருவதை எண்ணலாம், அடியில் கிடப்பதை? வலையில் செத்ததைக் கல்லைக் கட்டி இறக்கிவிடுவது நம் ஆட்கள் வழக்கம். வெளியே தெரிந்தால் படகுக்குக் கேடு, விசாவுக்குக் கேடு என்ற பயம். எங்கே சாகிறது என்று தெரியாமல் எங்கே வலை போடாதே என்று யார் சொல்வார்கள்? அது ஈனுவதோ ஒரே குட்டி. அடுத்ததுக்கு வருஷக்கணக்காகும்.

போன பனிக்காலத்தில் அருள் ஒருநாள் முகம் செத்துப்போய் வந்தான். வலையில் ஒரு பெண் ஆவுளியா செத்துக் கிடக்கிறது, சாயங்காலம் கல் கட்டி இறக்கப்போகிறோம் என்றான்.

"சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுடா."

"யம்மா, நீ மகள் வீட்டுல உக்காந்து சொல்லிருவ. கஃபீல் என்னையில்ல ஊருக்கு ஏத்துவாரு!"

"கல்லக் கட்டிட்டா சாகலைன்னு ஆயிருமா? போனப் போடு அவருக்கு. நான் பேசுறேன்."

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியிலும் நாலு அரபுச் சொல்லிலும் பேசினேன். முஷ்கில், முஷ்கில் என்றார் கஃபீல். தொல்லைதான் பாபா, புல் மேல் வலை போட்டால் தினமும் இந்தத் தொல்லைதான் என்றேன். பிறகு, "உன் வீட்டுக்காரனும் இப்படித்தான் என் உயிரை எடுத்தான்" என்றார். "கலாஸ், பேச்சு முடிந்தது. அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள்."

அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள். பல்லை அறுத்துப் பார்த்தால் வயது தெரியுமாம், அதையும் எடுத்துக்கொண்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் படகு கட்டிக் கிடந்தது. அருள் அத்தனை நாளும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போய்விடுமோ என்று நானும் பயந்தேன், ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. கடைசியில் எச்சரித்து விட்டார்கள். கஃபீல் புல் திட்டைவிட்டு வலையைத் தள்ளிப் போடச் சொன்னார். துறைமுகத்தில் நம் ஊர்ப் பையன்கள் எனக்கு 'ஆவுளியாக் கிழவி' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நல்ல பெயர்தான்.

தள்ளிப் போட்டாலும் கடல் நம் சொல்படியா கேட்கும்? நேற்று நீரோட்டம் வலையைத் திட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"ஓட்டைய அப்படி என்னம்மா பாக்குற? நான்தான் வெட்டுனேன்" என்றான் அருள்.

"உசுரோடயா?"

"உசுரோட. குட்டி சுத்திச் சுத்தி வந்துச்சு. வெட்டுனதும் ரெண்டும் ஒண்ணாப் போச்சு." காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "கஃபீல் வஞ்சாரு. அப்பறம், உங்கம்மாகிட்டக் கொண்டுபோய்க் குடுன்னாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். உங்கள் பழைய வலை ஊசியைப் பெட்டியிலிருந்து எடுத்து நூல் கோத்தாகிவிட்டது. கண் முன்னைப் போல இல்லை, விரலும் மடங்க மறுக்கிறது. ஆனாலும் இது என் பாடு, இன்னும் முடியவில்லை. மற்றப் படகுக்காரர்களுக்கும் சொல்லி விட்டிருக்கிறேன்: செத்தால் மறைக்காதே, மாட்டினால் வெட்டு, வலையை ஈசா டவுனுக்குக் கொண்டுவா. கிழவி தைத்துத் தருவாள்.