வெள்ளிக்கிழமை எண்

புலாவ் செபாங்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா விஜயராணிக்கு,

தம்பி தினேஷ்வரன் எழுதுகிறேன். நானும் நளினியும் இங்கே சுகம். வாணிக்குட்டிக்கு இழுப்பு இல்லாமல் ஒரு வாரம் போனது என்று நீ எழுதினால் இன்னும் சுகமாவோம்.

போன் ரிப்பேர் கடைக்காரன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறானே என்று நளினி சிரிக்கிறாள். வேறு என்ன செய்வது? உன் வீட்டில் இருக்கிற ஒரே போன் மச்சான் சட்டைப்பையில் இருக்கிறது. என் பெயரைக் கேட்டாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. தீபாவளியன்று, "மச்சான், செம்பு எடுக்க வயர் கொளுத்துற அந்தக் கொட்டகை வேலய விட்டுடுங்க, புள்ளைக்கு ஆகல" என்று சொன்னேன். அவ்வளவுதான் என் குற்றம். அதற்கு இந்த வாசலில் கால் வைக்காதே என்றுவிட்டார்.

கந்தசாமி அண்ணன் காய்கறி லோரியில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் சோற்று டப்பா மாதிரி இருக்கும், சோற்று டப்பாவேதான். உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். லேசர் வெளிச்சம் அந்தக் காற்றில் உள்ள தூசியை எண்ணும். கண்ணுக்குத் தெரியாத தூசி, நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடுகிற தூசி. பச்சை விளக்கு என்றால் நல்ல காற்று, மஞ்சள் சுமார், சிவப்பு ஆபத்து. சிம் கார்டு வைத்திருப்பதால் எண் நேராக என் கடைக் கணினிக்கு வந்துவிடும். கரண்டு போனாலும் ஒரு நாள் தாங்க பேட்டரி உண்டு.

வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில், கொட்டகையைப் பார்த்த மாதிரி மாட்டு. அங்கே நெருப்பே வைப்பதில்லை என்று அந்த முதலாளி சாதிக்கிறான். வெறும் வாயால் புகார் சொன்னால் யார் நம்புவார்கள்? கையில் எண் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

வாணிக்கு மாமாவின் முத்தங்கள்.

உன் தம்பி,
தினேஷ்

*

செலண்டார்,
16 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

பெட்டி வந்தது. கத்தரிக்காய்க் கூடைக்கு அடியில் உன் விஞ்ஞானத்தைத் தேடி எடுத்தேன். கந்தசாமி அண்ணன், "என்ன ராணி, தம்பி சோறு கட்டி அனுப்பிருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பத்திரமான இடத்தில் மாட்டிவிட்டேன். வெளியே மாட்டினால் உன் மச்சான் கண்ணில் படும். இது அவர் கை வைக்காத இடம், ஜன்னலுக்குப் பக்கம். கொட்டகைப் புகை அந்த ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே நீ கவலைப்படாதே.

வாணி எட்டு வயதுப் பிள்ளை மாதிரியா இருக்கிறாள்? பள்ளிக்கூட வேன் ஏற ரோட்டு முனைக்கு நடப்பதற்குள் செம்பனை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். வயர் கருகிய நாற்றம் அவள் கூந்தலில் ஏறிக்கொள்கிறது. தினம் சாயங்காலம் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, முடியைக் காய வைக்கிறேன். ஈரம் தங்கி நீர் கோத்துக்கொண்டால் இழுப்பு இன்னும் அதிகமாகிவிடுமே. நமக்கு அம்மா செய்ததுதானே. என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

உன் மச்சான் மேல் கோபப்படாதே. வேலை செய்த தோட்டம் கைமாறியபோது இவர் வயதுக்கு எவன் வேலை கொடுத்தான்? இந்த முதலாளிதான் கொடுத்தான். நாங்கள் இருக்கிற வீடும் அவனுடையது. உரலுக்குள் தலையை விட்டாயிற்று. அவரும் இருமுகிறார். கேட்டால், "பீடி இருமல்லா, விடு" என்கிறார். பீடியை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது.

நளினியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
ராணி

*

புலாவ் செபாங்,
20 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நினைத்ததை விட மோசம். நான் நினைத்ததை விடவும் மோசம். தினம் சாயங்காலம் ஆனால் எண் சிவப்புக்கு ஏறுகிறது. இருட்டிய பிறகுதான் மெல்ல இறங்குகிறது. வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு மடங்கு. வார இறுதியில் சரக்கு அதிகமாக வரும், அதை ஒரேயடியாகக் கொளுத்துகிறான் போலிருக்கிறது.

வரைபடம் போட்டுச் சுற்றுச்சூழல் இலாகாவில் புகார் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பார்த்தவர் இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். ரமலான் முடிந்து விடுமுறைக்குப் பிறகு ஓர் அதிகாரி நேரில் வருவார். கொட்டகையையும் பார்ப்பார், பெட்டி இருக்கிற இடத்தையும் பார்ப்பார். பெட்டியைக் காட்டு, உண்மையைச் சொல், போதும்.

அக்கா, எவ்வளவு நாளைக்குப் பிறகு எனக்கு நிம்மதியாகச் சோறு இறங்குகிறது தெரியுமா? கொட்டகையை மூடிவிட்டால் மச்சானுக்கு இங்கே தாம்பினில் வேலை பார்த்துத் தருகிறேன். என்னிடம் அவர் பேச வேண்டாம், வேலைக்குப் போனால் போதும்.

அன்புடன்,
தினேஷ்

*

செலண்டார்,
10 ஏப்ரல் 2025

தம்பி,

எல்லாம் கெட்டுவிட்டது.

அதிகாரி வந்தார். நம் தமிழ்ப் பிள்ளைதான், நல்ல மாதிரியாகப் பேசினார். கொட்டகையில் அன்று ஒரு தீக்குச்சி கூட உரசவில்லை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். அவர் கையில் இருந்த பெரிய மீட்டரில் எண் குறைவாகத்தான் காட்டியதாம். பிறகு வீட்டுக்கு வந்தார். முதலாளியும் பின்னாலேயே வந்தான், உன் மச்சானும் வந்தார்.

"மிஷின் எங்கக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

நான் மாரியம்மன் படத்தை நகர்த்திக் காட்டினேன். ஆமாம் தம்பி, சாமி மேடையில்தான் வைத்திருந்தேன். உன் மச்சான் அதைத் துடைக்கக்கூட மாட்டார், அதனால்தான். அதிகாரி படத்தைப் பார்த்தார், தூபக்காலைப் பார்த்தார், உன் வரைபடத்தைப் பார்த்தார்.

"அக்கா, எத்தன மணிக்கு வெளக்கு வைப்பீங்க?"

சொன்னேன்.

"வெள்ளிக்கெழம?"

"கூட கொஞ்சம் சாம்பிராணி போடுவேன், தம்பி."

அவர் தாளை மடித்துவிட்டார். "இது கொட்டக பொக இல்லக்கா. ஒங்க சாமி பொக லா." முதலாளி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "மருதமுத்து, ஒன் வீட்டுக்காரிக்கு முதல்ல சம்மன் போடணும் போல!" என்றான். உன் மச்சான் தலையை நிமிர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையிலேயே கொளுத்த ஆரம்பித்துவிட்டான், இப்போது பயமில்லாமல். வாணி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அந்தப் பெட்டி சாம்பிராணிக்கும் சிவப்பு விளக்கு காட்டியதென்றால், அது பிள்ளைக்கும் ஆகாதா?

ராணி

*

புலாவ் செபாங்,
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் தாளைக் கிழித்துக்கொண்டே இருக்கிறேன். கேட்டது நீ. நான் பொய் சொன்னால் மூச்சு முட்டப்போவது வாணிக்கு.

ஆகாது அக்கா. அதுவும் அதே தூசிதான். சாமிக்குக் காட்டினாலும் சரி, பிள்ளை கூந்தலுக்குக் காட்டினாலும் சரி, நெஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. மூடின வீட்டுக்குள், குனிந்த முகத்துக்குக் கீழே காட்டுகிற புகை, கொட்டகைப் புகையை விடக் கிட்டத்தில் இருக்கிறது.

தவறு என் பக்கமும்தான். பெட்டி எங்கே இருக்கிறது என்று நான் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஏன் ஏறுகிறது என்பதற்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். நம் வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்ன நேரம் என்று தெரியாமல் போய்விட்டது பார்.

இரண்டாவது பெட்டி அனுப்புகிறேன். இதை வெளிச்சுவரில் மாட்டு, மச்சான் பார்த்தால் பார்க்கட்டும். பழையது சாமி மேடையிலேயே இருக்கட்டும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். சாம்பிராணியை மட்டும் நிறுத்து. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தினேஷ்

*

மருத்துவமனை, மலாக்கா,
14 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

இன்று சித்திரை ஒன்று. எல்லோர் வீட்டிலும் பாயசம். நேற்று ராத்திரி வாணிக்கு இழுப்பு முற்றி இங்கே கொண்டுவந்துவிட்டோம். நான் பிள்ளைகள் வார்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வாணி முகத்தில் மாஸ்க் போட்டு மருந்தை ஆவியாகக் கொடுக்கிறார்கள். அந்த வெள்ளை ஆவியைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று மற்றவர்களைச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலி நான்தான். "குனிம்மா, இன்னும் கொஞ்சம் குனி" என்று அவள் கழுத்தைப் பிடித்துத் தூபக்கால் மேல் அழுத்தியிருக்கிறேன். அவள் இருமினால், நீர் கோத்திருக்கிறது என்று இன்னும் ஒரு பிடி போட்டிருக்கிறேன். எந்தத் தாய் இப்படிச் செய்வாள்?

உன் பெட்டி தூசியை எண்ணுகிறதே, எது என் தூசி, எது அந்தப் பாவியின் தூசி என்று பிரித்துச் சொல்லுமா? இவள் நெஞ்சில் இருப்பதில் பாதி என்னுடையதா, முக்கால்வாசியா? சொல்லாது என்றால் அது என்ன பெட்டி!

கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் தவிர யாரிடம் கத்துவேன். நிறுத்திவிட்டேன். நேற்றே சாம்பிராணி டப்பாவைக் கால்வாயில் கொட்டினேன். இனி விளக்கு மட்டும் ஏற்றுவேன். இரண்டாவது பெட்டியை வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டேன். உன் மச்சானும் பார்த்தார். விளக்கு சிவப்பாக இருந்தது, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராணி

*

புலாவ் செபாங்,
7 மே 2025

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். கந்தசாமி அண்ணன் லோரி கடை வாசலில் நிற்கிறது.

இத்தனை நாள் நீ சொன்ன சொல் காப்பாற்றினாய், உள்பெட்டி பெரும்பாலும் மஞ்சளோடு நின்றது. வெளிப்பெட்டிதான் காலையில் சிவப்பு. அதை வைத்துப் புதிதாகப் புகார் எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. முதல் தாளில் சாம்பிராணி இருந்ததால் இரண்டாவது தாளையும் சந்தேகத்தோடுதான் வாங்கினார்கள்.

ஆனால் இன்று என்ன நடந்தது? உள்பெட்டியின் எண் காலையிலிருந்து ஏறி ஏறி 999இல் நிற்கிறது. அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு எண்ணத் தெரியாது. மறுபடியும் கொளுத்தினாயா? அதுவும் இவ்வளவா? வாணி மருத்துவமனையிலிருந்து வந்து எத்தனை நாள் ஆகிறது? சாமி கோபித்துக்கொள்ளும் என்று பயந்தாயா? பிள்ளையைக் கொன்றுவிட்டு எந்தச் சாமியைக் கும்பிடப் போகிறாய்?

உடனே பதில் எழுது. இல்லாவிட்டால் மச்சான் அடித்தாலும் சரி என்று நானே வந்துவிடுவேன்.

தினேஷ்

*

செலண்டார்,
9 மே 2025, வெள்ளி

அன்புத் தம்பி தினேஷுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்திருப்பது கந்தசாமி அண்ணன் இல்லை. உன் மச்சான். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உன் கடைக்கு எதிர்ப்பக்கம்தான் நிற்பார், தானாக உள்ளே வரமாட்டார். படிப்பதை விட்டுவிட்டு முதலில் போய்க் கூப்பிடு. வாணியும் அவரோடு இருக்கிறாள்.

கூப்பிட்டாயா? இப்போது மீதியைப் படி.

நான் கொளுத்தவில்லை, தம்பி. நீ எழுதியதைப் படித்து அழுதேன், ஆனால் உன் மேல் வருத்தமில்லை. புதன்கிழமை காலையில் உன் மச்சான் சாமி மேடையில் கை வைத்தார். அம்மன் படத்தை நகர்த்தி, பெட்டியை எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நான் தடுக்கவில்லை. உடைக்கத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து பெட்டியை மேசையில் வைத்தார். விசிறி நின்றுவிட்டிருந்தது, ஓட்டையெல்லாம் கரி.

"சரக்கு தூக்குற ஃபோர்க்லிப்ட் சீட்டுக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன்" என்றார். "நாள் பூரா செவப்பு, ராணி. ஒரு தடவ கூட மாறல." பிறகு வாணியைப் பார்த்தார். "நான் சட்டையில அந்தக் கரிய தான் வீட்டுக்குக் கொண்டாந்திருக்கேன். தூக்கிக் கொஞ்சிருக்கேன்." அவர் அழுது நான் பார்த்ததில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "புள்ளைய ஒன் தம்பிகிட்ட விட்டுடலாம்."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அது என் வாயில் வரவில்லை. வந்துவிட்டால் நடந்துவிடுமே.

நாங்களும் வரலாமே என்று கேட்பாய். எப்படி வருவது? மருத்துவமனைச் செலவுக்கு முதலாளி முன்பணம் கொடுத்திருக்கிறான், அதை உழைத்துக் கழிக்காமல் இவரை விடமாட்டான். கரி பிடித்த பெட்டி பையில் இருக்கிறது. அதை எங்கே, யாரிடம் காட்டுவது என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு எனக்குச் சாண் என்ன முழம் என்ன.

வாணியின் முடியைக் கத்தரித்துவிட்டேன். பார்த்துத் திடுக்கிடாதே. நளினியிடம் சொல், துண்டால் துடைத்தாலே காய்ந்துவிடும், வேறு ஒன்றும் வேண்டாம். மூச்சு மருந்து நீலப் பையில் இருக்கிறது. தூங்கும்போது யாருடைய காதையாவது பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், கோபப்படாமல் கொடுக்கச் சொல். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் பொய் சொல்லாதே. தெரியவில்லை என்று சொல்.

வெளிச்சுவர்ப் பெட்டி அப்படியே இருக்கிறது. நான் தினம் துடைத்து, எறும்பு கூடு கட்டாமல் பார்த்துக்கொள்வேன். நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டே இரு. எண் பச்சைக்கு வந்து பச்சையிலேயே நிற்கிற காலம் வந்தால், கேட்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. அதற்கு முன் நானே வரச் சொல்லி அழுது எழுதினாலும் கூட்டிவராதே.

இன்னொன்று. கடையில் புதிதாகச் சாம்பிராணி வாங்கி வைத்திருக்கிறேன். பதறாதே, வீட்டுக்குள் இனி மூச்சு முட்ட யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே வந்து, அந்தப் பெட்டிக்குக் கீழே தூபக்காலைப் பிடிப்பேன். அப்போது உன் கணினியில் எண் சட்டென்று ஏறும். அந்த எண்ணை மட்டும் புகாரில் சேர்க்காதே. வாணியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டு. அம்மா நல்லா இருக்கா, இப்பத்தான் உனக்காகச் சாமி கும்பிடுறா என்று சொல்.

அக்கா,
விஜயராணி