ஏழாவது ஸ்க்ரூவின் தலை

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

நீ செய்த லேத் ஓடிவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "விஷயத்துக்கு வாடி" என்று அங்கிருந்தே கத்துவாய்.

நீ கண்ணை மூடிய பிறகு, வில்லாபுரம் வீட்டின் பின்பக்கம் அந்தக் கடைசல் மிசின் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன வாரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "செல்வி, ஓடுச்சுன்னா இருக்கட்டும். இல்லைன்னா வார ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்குப் போட்டுர்றேன். இதைப் பாத்துப் பாத்து முடியலம்மா."

"எல்லாம் முடிஞ்சிருச்சு, மோட்டார் மாட்டினாப் போதும்னு அண்ணன் சொல்லுச்சே மதினி" என்றேன். தெருவுக்கே அப்படித்தானே சொல்லி வைத்திருந்தாய்?

மோட்டாரை மாட்டும் முன், வெட்டும் உளியைத் தாங்கி நகர்கிற சேடிலைத் தள்ளிப் பார்த்தேன். கடைசியை நெருங்கும்போது 'டக்' என்று நின்றது. அது ஓடுகிற பட்டை இரும்பை எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தாயே, அதில் ஏழாவதன் தலை மட்டும் மயிரிழை தூக்கி நின்றது. ஜாக்கெட்டில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற விரல் இது. என்னிடமா மறைப்பாய்?

தலை முழுக்க அரத்தின் கீறல். ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது! ராவி ராவி, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிற காடியையே தேய்த்துவிட்டாய். கழற்றவும் வழியில்லை, அமர்த்தவும் வழியில்லை. ஊருக்கு மட்டும் முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுதேன். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

டவுன் ஹால் ரோட்டு ஹார்டுவேர் கடையில் உன் டிரில் பிட்டையும் ஒரு ஸ்க்ரூவையும் காட்டினேன். "சாதா பிட்டுல குழி எடுத்தா தலை எப்புடிக்கா உக்காரும்? ஓட்டை வாயைச் சாய்வாக் குடையுறதுக்குன்னே கவுண்டர்சிங்க் பிட்டு இருக்கு. தலையோட சாய்வும் குழியோட சாய்வும் ஒண்ணா இருக்கணும்" என்றார் கடைக்காரர். இம்புட்டுத்தான் விஷயம். கடைக்குப் போய்க் கேட்க உன் மீசை இடம் கொடுக்கவில்லை!

சனிக்கிழமை தையல் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏழாவதன் தலையைத் துளைத்தே எடுத்தேன். பட்டையைக் கழற்றியதும் மிச்சத் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருகி எடுத்தேன். எட்டுக் குழியையும் புது பிட்டால் திருத்தினேன். ஸ்க்ரூவைப் போடுவது, நகத்தால் தடவுவது, தட்டுப்பட்டால் கழற்றி இன்னும் கொஞ்சம் குடைவது. எட்டாவதையும் முடுக்கிவிட்டு, தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பட்டையின் மேல் வைத்து இழுத்தேன். எங்கும் தடுக்கவில்லை. "ஜெயிச்சுட்டோம்ணே!" என்று நான் கத்தியதில் மதினி பயந்து ஓடிவந்தார்.

ஞாயிறு காலை மோட்டார் உறுமியது. சேடில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழுக்கிக்கொண்டு போனது. முதல் வேலையாக, பீரோவுக்குப் பித்தளையில் ஒரு குமிழ் கடைந்தேன். ரெண்டு வருஷமாக மதினியிடம் நாளை, நாளை என்றாயே, அதேதான். கொஞ்சம் கோணல். மதினி அதைக் கையை விட்டு இறக்கவேயில்லை. வாசலில் இரும்புக்காரர் குரல் கொடுத்ததும், "ஓடுற மிசினைப் போட மாட்டோம்ணே, போயிட்டு வாங்க" என்றார்.

குமிழ் கோணல்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அதை ராவி மறைக்க மாட்டேன். நேராக வரும்வரை புதிதாகக் கடைவேன், சத்தியம். நீ சொன்னது இனிமேல் பொய்யில்லை. முடிஞ்சிருச்சு அண்ணே.

உன் சொல்லைக் காப்பாற்றிய தங்கச்சி,
செல்வி